நின்ற இடத்தில் ஓடும் வண்டி

ஹேவர், மொன்டானா
செப்டம்பர் 9, 2018

அன்புத் தங்கை கொரீனுக்கு,

அண்ணன் ஆர்விட் எழுதுவது. நீயும் உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே கோதுமை அறுத்து முடித்தாயிற்று. விளைச்சல் மோசமில்லை. என் காதுதான் மோசம். போன மாதம் நீ போனில் பேசியதில் எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லி வைத்தேன். எதற்காவது சம்மதித்திருந்தால் பெரிய மனது பண்ணி விட்டுவிடு. இனிமேல் கடிதமே போடு.

இத்துடன் நான்கு குப்பிகள் வருகின்றன. மூன்றில் புது ஆயில். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருக்கிறேன். நாலாவது, என் 1974ஆம் வருடத்து பிக்கப் வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயில். நான் வழக்கமாக வாங்கும் ஆயில் இப்போது வருவதில்லையாம். “எல்லாம் ஒண்ணுதான் பெருசு, புதுசா வந்தத ஊத்துங்க, அதான் ஒசத்தி” என்கிறான் கடைக்காரன். ஆனால் என்ஜினிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வருகிறது. எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

ஆயிலுக்குள் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதானே முப்பது வருடமாக உன் பிழைப்பு? மூன்றில் எது என்று சொல். அந்த வண்டி எனக்கு ரொம்ப நாள் ஓட வேண்டும்.

மார்லிஸ் நலம். கொஞ்சம் வேலையாக இருப்பதால் வழக்கம்போல அடியில் உன் அண்ணி இரண்டு வரி எழுதவில்லை.

உன் அண்ணன்,
ஆர்விட்


கிளீவ்லாந்து, ஒஹாயோ
செப்டம்பர் 24, 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொரீன் வணக்கம். முழங்கால் மாடிப்படியில் மட்டும் முனகுகிறது. மற்றபடி சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டீர்கள். காது டாக்டரைப் பார்ப்பதாக. விடமாட்டேன்.

இனி ஆயில். மூன்றையும் ஆய்வகத்தில் எரித்து அளந்தேன். எண்கள் எல்லாம் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கு.

முதல் குப்பி இப்போதைய புதுத் தரம். பாஸ்பரஸ் 760தான். அழுக்கை நீக்கும் கால்சியத்தில் பாதியைக் குறைத்து மக்னீசியம் போட்டிருக்கிறார்கள். புது டர்போ வண்டிகளில் கால்சியம் கூடினால் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கிறது, அதற்காக. இரண்டாவது சற்றுப் பழைய கலவை. கால்சியம் 2200, மக்னீசியம் இல்லை, பாஸ்பரஸ் 780. மூன்றாவது டீசல் லாரிக்கானது. பாஸ்பரஸ் 1150, அதற்குத் தக்க துத்தநாகம்.

உங்கள் வண்டிக்கு வேண்டியது இந்தப் பாஸ்பரஸும் துத்தநாகமும்தான். உங்கள் என்ஜினில் கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதன் மேடு, வால்வைத் தூக்கும் டேப்பட்டை நேரே உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் இரும்பின்மேல் கண்ணாடி போல ஒரு படலம் கட்டும். தேய்வது அந்தப் படலம், இரும்பு அல்ல. புது வண்டிகளின் புகைவடிகட்டியைப் பாஸ்பரஸ் கெடுக்கிறது என்று 800க்குள் அடக்கிவிட்டார்கள். புது வண்டிக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உங்கள் வண்டியை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மூன்றாவதை ஊற்றுங்கள்.

நாலாவது குப்பியின் பழைய ஆயிலில், என்ஜின் தேய்ந்து உதிர்ந்த இரும்பு 62. கொஞ்சம் அதிகம், பயமில்லை. ஆயிரம் மைல் ஓட்டி மறுபடி அனுப்புங்கள்.

அண்ணியின் சோக்செர்ரி ஜாமுக்கு இடம் காலி செய்து வைத்திருக்கிறேன். அவள் இரண்டு வரி எழுதாத கடிதம் உப்பில்லாமல் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கொரீன்


ஹேவர்
அக்டோபர் 21, 2018

அன்புத் தங்கைக்கு,

நலம். நீ சொன்ன மூன்றாவதையே ஊற்றினேன். ஆயிரம் மைல் ஆனதும் வடித்து அனுப்பியிருக்கிறேன். டிக் டிக் நிற்கவில்லை.

இந்த வருடம் சோக்செர்ரி காய்க்கவில்லை. பனி சீக்கிரம் வந்துவிட்டது.

மார்லிஸ் நலம். நீ விசாரித்ததாகச் சொன்னேன்.

ஆர்விட்


கிளீவ்லாந்து
நவம்பர் 5, 2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? அங்கே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று செய்தியில் பார்த்தேன்.

உங்கள் சாம்பிளை இரண்டு முறை சோதித்துப் பார்த்தேன், முதல் முறை தப்பாக வந்துவிட்டதோ என்று. இரும்பு 140. ஆயிலில் ஆறு சதவீதம் பெட்ரோல். தண்ணீராய் நீர்த்துப் போயிருக்கிறது. எவ்வளவு மருந்து கலந்த ஆயிலாக இருந்தாலும் இப்படி நீர்த்தால் படலம் நிற்காது.

எனக்கு ஒன்று புரியவில்லை. வீட்டிலிருந்து ஊருக்கு இருபத்திரண்டு மைல். அவ்வளவு தூரம் ஓடினால் என்ஜின் நன்றாகச் சூடாகி, கலந்த பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். ஆறு சதவீதம் சேர வேண்டுமென்றால் வண்டி மணிக்கணக்கில் நின்ற இடத்தில் ஓடியிருக்க வேண்டும். அப்படி எங்கே நிறுத்துகிறீர்கள்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜூலையில் என் பிறந்தநாளுக்கு அண்ணியிடமிருந்து இரண்டு வாழ்த்து அட்டைகள் வந்தன, இரண்டு நாள் இடைவெளியில். இரண்டும் ஒரே அட்டை. இரண்டாவதில் ‘மார்லிஸ் ஓயன்’ என்று கையெழுத்து, கல்யாணத்துக்கு முந்தைய பெயர். விளையாடுகிறாள் என்று அன்று சிரித்துக்கொண்டேன்.

பதில் போடுங்கள்.

கொரீன்


ஹேவர்
நவம்பர் 25, 2018

தங்கைக்கு,

நலம். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். பெட்ரோல் அதனால்தான் வந்திருக்கும்.

ஒரு விஷயம் சும்மா கேட்கிறேன். ஓடாமல் நிற்கிற வண்டியில் என்ஜின் மட்டும் மூன்று நாலு மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தால், அதற்கு ஏற்ற ஆயில் என்று தனியாக ஏதாவது உண்டா? துத்தநாகத்தை இன்னும் கூட்டிக்கொண்டே போனால் தேய்மானம் நிற்குமா?

அட்டை விஷயம் எனக்குத் தெரியாது. பெண்கள் விஷயம்.

ஆர்விட்


கிளீவ்லாந்து
டிசம்பர் 3, 2018

அண்ணா,

உங்கள் கேள்விக்கு அப்புறம் பதில் சொல்கிறேன்.

அண்ணி எங்கே?

கொரீன்


ஹேவர்
டிசம்பர் 30, 2018

அன்புத் தங்கை கொரீனுக்கு,

உனக்குப் புது வருட வாழ்த்து. உன் கடிதம் மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. தட்டை வைக்கும்போதெல்லாம் அதை ஓரம் தள்ளி வைத்தேன்.

மார்லிஸ் ஊருக்குள் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், ஆகஸ்ட் முதல். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாகவே சின்னச் சின்னதாகத் தொடங்கியது. ஜூலை கடைசியில் ஒரு நாள் காலையில் செருப்பில்லாமல் ரயில் பாதையோரம் நடந்து போயிருக்கிறாள். சரக்கு ரயில்காரர்கள் நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். “எங்கம்மா போறீங்க?” என்று கேட்டதற்கு, “என் புருஷன் வயல்ல இருக்காரு, சாப்பாடு கொண்டு போறேன்” என்றாளாம். கையில் ஒன்றுமில்லை. நான் கொட்டகையில் இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டிருந்தால்கூடக் கேட்டிருக்காது.

இல்லத்தில் முதல் வாரம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் நான் அறைக்குள் போனதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். “யாரு நீங்க? எம் புருஷன் இப்ப வந்துடுவாரு. வந்தாருன்னா உங்கள சும்மா விடமாட்டாரு!” நான் தொப்பியைக் கழற்றி, “மார்லிஸ், நான்தான்” என்றேன். தட்டைத் தூக்கி எறிந்தாள். ரெனே என்கிற நர்ஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வண்டியில் ஏறி, கிளப்பிவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மார்லிஸ் ஜன்னலுக்கு வந்தாள். வண்டியைப் பார்த்துக் கையாட்டினாள். நாற்பத்து நாலு வருடமாக ஆட்டுகிற அதே மாதிரி. பிறகு ரெனே ஓடி வந்து என் காதருகே கத்திச் சொன்னாள்: “அதோ எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு, லோடு இறக்கிட்டு வந்துடுவாருன்னு சொல்றாங்க மிஸ்டர் டோலஃப்சன். ரெண்டு நாளா சாப்பிடாதவங்க, இப்ப உக்காந்து சாப்பிடறாங்க.”

அவளுக்கு வண்டியைத் தெரிகிறது. அதன் சத்தம் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை.

அதனால் தினமும் காலை பத்து மணிக்குப் போகிறேன். ஜன்னலுக்கு நேரே நிறுத்திக்கொண்டு இரண்டு மணி வரை இருக்கிறேன். என்ஜினை அணைத்தால் தவிக்கிறாள். “சத்தம் நின்னுடுச்சு, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று கதவைத் தட்டுகிறாள். அதனால் அணைப்பதில்லை. நீ எண்ணி எடுத்த இரும்பு அத்தனையும் அந்த ஜன்னலுக்கு எதிரே உதிர்ந்ததுதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். டாக்டரிடம் முதல்முறை போய்வந்த அன்று மார்லிஸே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். “கொரீன் கிட்ட மட்டும் சொல்லாத ஆர்விட். அவ என்னை ஒரு சாம்பிள் மாதிரி பாப்பா” என்றாள். உன்மேல் அவளுக்குப் பிரியம் என்று உனக்குத் தெரியும். பயத்தில் சொன்னாள். மூடி வைத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு சொல்லிவிட்டு அதை மட்டும் மறைக்க மனம் வரவில்லை.

உன் அண்ணன்,
ஆர்விட்


கிளீவ்லாந்து
ஜனவரி 8, 2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கத் தெரியவில்லை. சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

அண்ணி சொன்னது சரிதான். ஜூலையில் அந்த இரண்டாவது அட்டையைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினேன் அல்லவா? சிரிக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எவ்வளவு கோணுகிறது என்று பார்த்தேன். என்னவென்று எனக்கு அன்றே புரிந்தது. மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். உடனே வண்டி ஏறியிருந்தால் அவள் என்னை அடையாளம் கண்டிருப்பாள். ஒரு மாதத்துக்குப் பிறகு போனில் “அண்ணி எப்படி இருக்கா?” என்று கேட்டேன். நீங்கள் ‘ஆமாம்’ என்றீர்கள். அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில். நின்ற இடத்தில் மெதுவாக ஓடுவதுதான் அந்த கேமுக்குப் பெரிய சித்திரவதை. ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் அதன்மேல் இறங்கும். மேலே தெறிக்கிற ஆயிலும் குறைவு. துத்தநாகத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. அளவு மீறினால் அதே மருந்து இரும்பை அரிக்கும். எங்கள் மேலாளரிடம் சொல்லி அனுமதி வாங்கி, பாஸ்பரஸ் 1400 வருகிற மாதிரி நானே கலந்து ஆறு கேன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மைலைப் பார்க்காதீர்கள். நிறுத்தியிருக்கும்போது என்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு அறுநூறு சுற்றிலிருந்து ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றி வையுங்கள். இது முக்கியம்.

அன்புடன்,
கொரீன்


ஹேவர்
பிப்ரவரி 10, 2019

அன்புத் தங்கைக்கு,

நலம், சாப்பிடுகிறேன். மைனஸ் முப்பது. கேன்கள் வந்தன. ஊற்றிவிட்டேன்.

நீ சொன்னபடி ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன். மார்லிஸ் ஜன்னலுக்கு வந்தாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள், திரையை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டாள். “வேற யாரோ வண்டி” என்றாளாம். மறுநாள் திரும்ப அறுநூறுக்கு இறக்கிவிட்டேன். கையாட்டினாள். ஆகையால் அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

ரெனே தினமும் கண்ணாடியைத் தட்டுகிறாள். “உள்ள வந்து நடையிலயாவது உக்காருங்க. வண்டி தானா ஓடட்டும். விறைச்சுப்போய் நீங்களும் இங்கயே சேந்துடாதீங்க, பெட் காலி இல்ல.” நல்ல பெண். ஆனால் மார்லிஸ் கையாட்டும்போது வண்டியில் திருப்பி ஆட்ட ஆள் இருக்க வேண்டாமா?

போன வாரத்திலிருந்து என்ஜின் இருமுகிறது. கார்பரேட்டர் வழியாகத் திரும்பி வெடிக்கிறது. அது வெடிக்கும்போது அவள் துள்ளிவிடுகிறாள். சாம்பிள் இத்துடன்.

ஆர்விட்


கிளீவ்லாந்து
பிப்ரவரி 19, 2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு பத்திரம்.

இரும்பு 340. கலவையில் தப்பில்லை, நான் திரும்பத் திரும்பச் சரிபார்த்துவிட்டேன். கேமில் ஒரு மேடு முழுதாக மழுங்கிவிட்டது. இனி எந்த ஆயிலாலும் ஆகாது. எல்லாவற்றுக்கும் ஒரு மருந்து கலந்துவிடலாம் என்று இருபது வருடமாகப் பயிற்சி வகுப்பில் பேசிவந்தவள் எழுதுகிறேன்: ஆகாது.

புது கேம் ஷாஃப்ட்டும் பன்னிரண்டு டேப்பட்டும் வாங்கிவிட்டேன். விடுப்பும் எடுத்துவிட்டேன். மார்ச் இரண்டாம் தேதி கிரேட் ஃபால்ஸ் விமான நிலையத்தில் இறங்குகிறேன். ரேடியேட்டரை நீங்கள் கழற்றி வையுங்கள். மற்றதை இரண்டு பேருமாகச் செய்வோம்.

நான் வருவதாக அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

கொரீன்


கிளீவ்லாந்து
மார்ச் 18, 2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முதுகு மட்டும் இன்னும் உங்கள் கொட்டகைத் தரையிலேயே படுத்திருக்கிறது. முதல் இருபது நிமிடம் வேகமாக ஓட்டியதில் புது கேம் நன்றாகப் படிந்திருக்கிறது. நான் கொண்டுவந்த சாம்பிளில் கவலைப்பட ஒன்றுமில்லை. வண்டி உங்களுக்கும் எனக்கும் பிறகும் ஓடும்.

எட்டு நாள் வண்டி கொட்டகையில் பிரிந்து கிடந்தபோது நான் தினமும் அண்ணியிடம் போனேன். அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் ஜன்னலிலேயே நின்றாள். மூன்றாம் நாள் உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் போகவில்லை. “யாருக்காகக் காத்திருக்கீங்க?” என்று ரெனே கேட்டாள். “யாருக்காகவோ இருந்தேன்” என்றாள்.

என்னைப் புது நர்ஸ் என்று நினைத்துக்கொண்டாள். நானும் மறுக்கவில்லை. பெயர் கேட்கவில்லை, வருடம் கேட்கவில்லை, எதையும் சோதித்துப் பார்க்கவில்லை அண்ணா. தலை சீவிவிட்டேன். நகம் வெட்டிவிட்டேன். “உங்க கை சூடா இருக்கு” என்றாள்.

எழுதுங்கள்.

கொரீன்


ஹேவர்
ஏப்ரல் 28, 2019

அன்புத் தங்கை கொரீனுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் முதுகு எழுந்து உன்னிடம் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். பனி உருகிவிட்டது. விதைக்கிற வேலையைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் விட்டுவிட்டேன்.

நீ போன மறுநாளே வண்டியை அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதே அறுநூறு வேகம், அதே சத்தம். டிக் டிக் இல்லை, அவ்வளவுதான். நாலு மணி நேரம் இருந்தேன். அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பதினொரு நாள் போனேன். ரெனே அவளைக் கைபிடித்து ஜன்னலுக்குக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினாள். மார்லிஸ் பார்த்தாள். தெருவில் நிற்கும் எந்த வண்டியையும் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீ உடனே உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வாய், எட்டு நாள் வண்டியைப் பிரித்துப் போட்டதால்தான் என்று. அப்படி நினைக்காதே. பிரிக்காமல் விட்டிருந்தால் அது ஒரு வாரத்தில் தானே நின்றிருக்கும். நானும் பதினொரு நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யார்மேல் பழி போடலாம் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் என்ஜினை அணைத்தேன். உள்ளே யாரும் தவிக்கவில்லை. இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, ரெனேயிடம் கேட்டேன், “நான் உள்ள வரலாமா?” “வாங்க. சாப்பாட்டு அறையில இருக்காங்க. பக்கத்துல உக்காராதீங்க, எதிர்ல உக்காருங்க” என்றாள்.

எதிரே உட்கார்ந்தேன். மார்லிஸ் கத்தவில்லை. நாப்கினை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ உப்பை என் பக்கம் நகர்த்தினாள். அதிலிருந்து தினமும் மதியம் அங்கேதான் சாப்பாடு. அவள் பேசுவது பாதி எனக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீ ஏற்பாடு செய்த காது டாக்டரை வியாழக்கிழமை பார்க்கிறேன். உனக்காக இல்லை. அவள் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்.

நேற்று எலுமிச்சை புட்டிங் கொடுத்தார்கள். எனக்குக் கிடையாது, விருந்தாளிகளுக்கு அது இல்லை. அவள் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டாள்.

“தினமும் வர்றீங்களே, வீட்டுல தேட மாட்டாங்களா?”

“வீட்டுல யாரும் இல்ல” என்றேன்.

“கல்யாணம் ஆகலையா?”

“ஆச்சு. அவ இருக்கா. வெளியூர் போயிருக்கா.”

“எப்ப வருவாங்க?”

“தெரியலம்மா.”

அவள் கரண்டியால் புட்டிங்கை நடுவில் வெட்டி, பாதியை என் தட்டில் வைத்தாள்.

“அவங்க வர்ற வரைக்கும் நீங்க இங்கயே சாப்பிடுங்க” என்றாள்.

சாப்பிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஆர்விட்